முப்பத்துமூணு

காங்கேயம் ரோட்டில் ஆறுக்கு எட்டடி,
பேர் அங்காளம்மன் ஜெராக்ஸ்.
ஜெராக்ஸ் மிஷின் படுத்து ரெண்டு வருசம்.
இப்போது நான் விற்பது படுக்கை:
கீழே, நடுவே, மேலே, பக்கவாட்டில்.

தட்கலுக்கு என் கணக்கில் முதல் அரைமணி பூட்டு.
அதனால் அவனவன் போன், அவனவன் பேர்,
விரல் மட்டும் என்னுடையது.
பதினொன்று அடித்ததும்
ஊரே ஒரே பொத்தானை அமுக்கும்.
பதினொன்று ரெண்டுக்கு எல்லாம் முடிந்திருக்கும்.
கிடைத்தவன் டீ வாங்கித் தருவான்.
கிடைக்காதவன் என் விரலைப் பார்ப்பான்,
சோளக்காட்டில் புகுந்த மாட்டைப் பார்ப்பதுபோல.

லிங்கராஜ் சபர். இருபத்தி நாலு. ஆண்.
சாயப்பட்டறை, நகக்கண்ணில் நேவி ப்ளூ.
திருப்பூரிலிருந்து ராயகடா.
"நாளன்னிக்கிப் போகோணுங்" என்றான்.
ஆறு வருசத்தில் அவன் ஒடியா வாய்க்குள்
அந்த 'ங்' எப்படியோ ஏறி உட்கார்ந்துவிட்டது,
ரிசர்வேஷன் இல்லாமல்.

எதுக்கு என்று நான் கேட்கவில்லை.
படிவம் வயதைக் கேட்கும்,
கீழ்ப்படுக்கை வேண்டுமா என்று கேட்கும்,
எதுக்கு என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.
அவன் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
அவன் எடுக்கவேயில்லை.

தட்கல் கைவிட்டது. சாதா டிக்கெட்டில்
வெயிட்டிங் லிஸ்ட் ஒன்பது.

இனி என் சங்கதி.
பதினெட்டு வருசமாய் ஊரார் பேரை டைப் அடித்தவன்
ரெண்டு மாசத்துக்கு முன்னால், மழை மத்தியானம்,
கடையில் ஆளில்லாதபோது
என் பேரை அடித்துப் பார்த்தேன்.
சென்னியப்பன். ஐம்பத்தொன்று. ஆண்.
எஸ் ஐந்து, முப்பத்துமூணு,
ஜன்னலோரம், கீழ்ப்படுக்கை.
அதே வண்டி, விசாகப்பட்டினம் வரை.
அங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை.
"கடல் இருக்குதாமா" என்றேன் வீட்டில்.
"உப்பு சட்டீலயே இருக்குது" என்றாள் ரத்தினாத்தாள்.

முப்பத்துமூணை அவனுக்குக் கொடுத்துவிடலாமா?
முடியாது.
அப்பன் மகனுக்கு மாற்றலாம்,
அண்ணன் தம்பிக்கு மாற்றலாம்.
சாயப்பட்டறைக்காரனுக்கும் ஜெராக்ஸ்காரனுக்கும்
ரயில்வேயில் உறவுமுறை இல்லை.
வேண்டுமானால் கையை விடலாம்.
விட்டால் அது வரிசையில் முதல் ஆளுக்குப் போகும்.
அவன் இடத்துக்கு அடுத்தவன் வருவான்.
ஒன்பதாம் ஆள் எட்டாம் ஆள் ஆவான்.
அவ்வளவுதான் என் கைக்கு எட்டுவது.

விட்டேன். கால்வாசிக் காசு பிடித்தார்கள்.

எட்டு.

மறுநாள் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டே
நம்பரைத் தட்டிப் பார்த்தேன்.
எட்டு. எட்டு. அப்புறம் ஐந்து.
எங்கேயோ மூன்று பேர் போகவில்லை.
யாருக்குக் காய்ச்சலோ,
எந்த வீட்டில் சண்டையோ,
எந்த மேஸ்திரி லீவு தரவில்லையோ.
யாருக்கு நன்றி சொல்ல, காய்ச்சலுக்கா?

விடியக்காலம் சார்ட் வந்தது.
ஆர்.ஏ.சி. எஸ் ஐந்து, முப்பத்தொன்பது.
பக்கவாட்டில் பாதி.

வண்டி முக்கால் மணி லேட்.
ஏன் ஸ்டேஷனுக்குப் போனேன் என்று கேட்காதீர்கள்,
அதற்கும் கட்டம் கிடையாது.
என் ஜன்னலில் ஓர் அம்மாள்
ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தாள்.
என் தலைமாட்டில் ஒரு குழந்தை
முறுக்கைக் கடித்துக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் தள்ளி லிங்கராஜ்,
முட்டியைக் கட்டிக்கொண்டு,
அவன் இடுப்போரம் வேறொருவனின் கால்.
"உக்காந்துட்டேனுங்" என்றான் கம்பி வழியே.
பிறகு, "நீங்க எங்கீங் போறீங்?"

"கடைக்கு."

வண்டி ஊத்துக்குளிப் பக்கம் போய் மறைந்தது.
கையில் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்.
இன்னும் ஒரு மணி நேரம் செல்லும்.
பெஞ்சில் இடமிருந்தது.